நாள் தள்ளிப்போன ஊழியர்

"மேடம், எனக்கு ஆறு வருஷம் பதினோரு மாசமா நாள் தள்ளிப் போயிருக்குங்க."

என் அம்மா காலத்தில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் நாற்காலியைக் காட்டினேன். மரகதவல்லி உட்காராமல், கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தாள். காற்றாலை இறக்கையில் கயிறு கட்டித் தொங்கி வேலை பார்க்கிறவர்கள் போடுவது. அதன் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எட்டு ஊர்ப் பெயர்கள் எழுதியிருந்தன.

"வெள்ளிக்கிழமையோட என்னைய நிறுத்தறாங்களாமா. நிறுத்திக்கட்டுமுங்க. ஊசியைப் போட்டுட்டு நிறுத்தச் சொல்லுங்க."

நான் வாகீஸ்வரி. சரவணம்பட்டியில் 'அகிலம்' என்ற நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, சட்டப் பிரிவுக்குத் தலைவி ஆனவள். வாக்குக்கு அதிபதியின் பெயரை வைத்துக்கொண்டு வார்த்தையில் கோட்டை விட்டவள் என்றும் சொல்லலாம். அந்தக் கதைதான் இது.

வெளிநாட்டு முதலாளிகளுக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்களுக்குப் பதிலாக ஆட்களை நாங்களே வேலைக்கு வைத்துக்கொண்டு, வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுப்போம். என் அறைச் சுவர் முழுக்க ஒரு திரை, அதில் எப்போதும் ஓர் உலக வரைபடம் இருக்கும். மகப்பேறு விடுப்பு அதிகமுள்ள நாடு கரும்பச்சை, குறைந்தது வெளிர்மஞ்சள். ஸ்வீடனில் தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்து நானூற்று எண்பது நாள். நம் ஊரில் தாய்க்கு இருபத்தாறு வாரம். அமெரிக்காவில் தனியார் வேலை என்றால் நாடு முழுமைக்குமான சட்டத்தில் சம்பளத்தோடு ஒரு நாளும் கிடையாது. சம்பளமில்லாமல் பன்னிரண்டு வாரம், அதுவும் சின்ன இடம் என்றால் இல்லை. பிள்ளை பெறுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான், பெற்ற பிறகு வீட்டில் கிடக்கிற நாள்தான் கோடு தாண்டினால் மாறிவிடும்.

அந்தக் கோடுகளைத் தாண்டிப் பிழைப்பு நடத்தச் சொல்லிக் கொடுத்தது ஒத்திவைப்பு ஊசி. கருத்தரித்த முதல் வாரத்தில் மணிக்கட்டில் போட்டால் கரு அப்படியே உறங்கிவிடும். வேண்டும்போது எழுப்பு ஊசி. இரண்டையும் தயாரிப்பவர்கள் தனி ஆட்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், முதலாளி வழியாகத்தான் வரும். பெண்கள் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று எங்கள் விளம்பரம் சொல்லும். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. பதவி உயர்வு வருகிற வருடம், வெளிநாட்டு வாய்ப்பு வருகிற வருடம் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

எழுப்புகிற இடத்தை மட்டும் நாங்கள் தீர்மானித்தோம். அதற்கு 'தடம்' என்றொரு மென்பொருள். எந்த நாட்டில் எழுப்பினால் கம்பெனிக்கு எத்தனை வார விடுப்பு மிச்சம் என்று அது கணக்குப் போட்டு ஆளை அங்கே மாற்றும்.

"ஸ்வீடன் பக்கம் கடல்ல ரெண்டு வருஷம் இருந்தனுங்க," என்றாள் மரகதம். "இங்கயே எழுப்பிருங்கன்னு கேட்டேன். கேட்ட வாரமே டெக்சாஸுக்கு டிக்கெட் வந்துருச்சு. அங்க போனா ஆளில்லாம தனியாப் பெத்துட்டு, கையோட டவர் ஏறோணும். மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுல இருந்து ஊரூராச் சுத்தி விட்டாங்க. இப்ப சைட்டே மூடறாங்களாம்."

"எத்தனை நாள் மிச்சம் இருக்கு?"

"இருவத்தி மூணுங்க."

ஏழு வருடம்தான் கரு உறங்கும். அதற்குமேல் எந்த ஊசிக்கும் எழாது. வெள்ளிக்கிழமை வேலை போனால் ஊசி கிடையாது, ஊசி இல்லையென்றால் இருபத்து மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது.

இப்படி வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்கக் கூடாதென்று நம் சட்டம் சொல்கிறது, ஆனால் ஒத்திவைப்பு கர்ப்பம் ஆகாது. ஏனென்றால் சட்டத்துக்கு ஒரு பிரசவத் தேதி வேண்டும், உறங்குகிற கருவுக்குத் தேதி இல்லை. இதைக் கனிவாகச் சொல்வதற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தைக் காட்டிச் சொன்னால் அழுகை குறையும் என்பதால் அவளுடையதைத் திறந்தேன்.

அது தமிழில் இருந்தது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆங்கிலப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "நீங்க தமிழ்லயா போட்டீங்க?" என்றேன்.

"எங்கம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வாசிச்சுக் காட்டாமப் போடக் கூடாதுன்னுட்டாங்க. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல வெச்சு முப்பது பக்கமும் வாசிச்சனுங்க."

பதினான்காம் பிரிவுக்கு வந்தேன். 'நாள் தள்ளிப்போன ஊழியருக்கு அவர் கையெழுத்திட்ட ஊரின் சட்டமே பொருந்தும்.'

எட்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் எழுதிய வரி அது. ஆங்கிலத்தில் 'தேதி ஒத்திவைக்கப்பட்ட ஊழியர்' என்ற பொருளில், கரு உறங்குகிற வரைக்கும் மட்டும் செல்லும்படி இருந்தது. மாலைக்குள் முடித்தாக வேண்டும். தேதி என்றால் நாள், ஒத்திவைத்தால் தள்ளிப்போகும், நாள் தள்ளிப்போன ஊழியர் என்று போட்டுவிட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர அது என்னைத் தொட்டதில்லை. மேலே யாரும் தமிழைப் படித்துப் பார்க்கவுமில்லை. ஒரு கர்ப்பிணியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் சொல்கிற சொல்லை, கர்ப்பிணி இல்லை என்று சாதிக்க வேண்டிய இடத்தில் எழுதி வைத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி: மொழிகளுக்குள் வேறுபாடு வந்தால் ஊழியர் கையெழுத்திட்ட மொழியே செல்லும்.

நான் ஒப்பந்தத்தை மூடினேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "வெளியேறும் பரிசோதனை ஒண்ணு இருக்கு, வாங்க" என்று மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் நஸ்ரீன். கருவைத் தாயிடம் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி, மனசு மாறிவிடுவார்களாம். டாக்டர் அன்று திரையை மரகதத்தின் பக்கம் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்து, "விதின்னு ஏதாச்சும் சொல்லப் போறீங்களா?" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

திரையில் ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே ஒரு பக்கமாகக் கொஞ்சம் மணல் ஒட்டியது போல் இருந்தது.

"இதுதானுங்களா?" என்றாள் மரகதம்.

"இதேதான். கசகசால அஞ்சுல ஒரு பங்கு இருக்கும். நூறு செல்லு. நூறும் உசுரோட இருக்குது, சும்மா இருக்குது. ஏழு வருஷம் சும்மா இருக்கறதுன்னா சாமானியமில்லைங்க, நம்மால ஏழு நிமிஷம் முடியாது."

"இதுக்கு வலிக்குமுங்களா? பயமா இருக்குமா?"

"ஒண்ணும் இருக்காது. இது நாம கண்டுபிடிச்சதே இல்ல. கரடி வெயில் காலத்துல சேரும். அந்தக் கரு மாசக் கணக்கா வயித்துல சும்மா மெதந்துட்டுக் கெடக்கும். குளிர் வந்து, அம்மா உடம்புல போதுமான கொழுப்பு இருந்தாத்தான் ஒட்டி வளர ஆரம்பிக்கும். இல்லீன்னா இல்ல. சீல்னு சொல்ற கடல்நாய், மான் ஒரு வகை, எல்லாத்துக்கும் இது உண்டு. கரடிக்கு அது கரடியோட உடம்பு எடுக்கற முடிவு. நம்மளுக்குத்தான் ஆபீஸ் எடுக்குது." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியாததா?" என்றார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மரகதம் திரைக்கு அருகே விரலைக் கொண்டுபோனாள், தொடவில்லை. "கடல்ல நூறு மீட்டர் ஒசரத்துல காத்துல ஆடிட்டுக் கெடந்திருக்கேன். நீயும் கூடவேதான் ஆடுனியாக்கும்," என்றாள் அந்த உருண்டையிடம்.

நான் வாரங்களைக் கூட்டிக் கழித்தே பழகியவள். வாரம் என்று நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் அடியில் இப்படி ஒன்று மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்திருக்கிறது. உலகத்தில் எத்தனை கடல், எத்தனை விமானம், எத்தனை மாடிகளில் எத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்!

லிஃப்ட்டில் இறங்கும்போது அவளிடம் சொன்னேன். "பதினாலாம் பிரிவைத் திருப்பி வாசிங்க மரகதம். வாசிச்சுட்டு லேபர் ஆபீஸுக்குப் போங்க. இன்னைக்கே போங்க."

செவ்வாய்க்கிழமை எங்கள் மேலாளர் ரங்கதுரை கூப்பிட்டார். மோசமான மனிதர் அல்ல. என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, பந்தி முடிகிறவரை இருந்தவர்.

"ஏம்மா வாகீசு, ஒரு சொல்லுல இத்தன பெரிய ஓட்டையா? சரி, போகுது. மொழிபெயர்ப்புப் பிழைன்னு ஒரே வரி எழுதிக் குடு. வியாழக்கிழமை விசாரணைல அதை நீயே சொல்லிட்டா முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணுக்கு இருபத்திரெண்டு நாள்தான் சார் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? எனக்கும் பொண்ணு இருக்குது. ஆனா இது ஒருத்தியோட நிக்காதும்மா. தமிழ்ல கையெழுத்துப் போட்டவ அத்தன பேரும் வருவா." அவர் தண்ணீர் குடித்தார். "நீ அந்த வரியைச் சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு வெளிய போவீங்க. என்னால உன்னையக் காப்பாத்த முடியாது."

இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. என் கணவர் சபாபதி சூலூர்ப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். "ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்குமேல் துருவ மாட்டார். முன்பெல்லாம் வேறொன்று கேட்பார். அதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. தெருவில் யார் வீட்டிலாவது பேர் வைக்கிற விசேஷம் என்றால் அன்றைக்குப் பார்த்து அவர் வண்டி பஞ்சர் ஆகிவிடும்.

வியாழக்கிழமை விசாரணை. தொழிலாளர் அலுவலர் பெரியநாயகம் எதிரே, நரைத்த மீசை, சட்டைப்பையில் மூன்று பேனா. ஒரு பக்கம் மரகதமும் அவள் வீட்டுக்காரரும். இன்னொரு பக்கம் ரங்கதுரையும் நானும். சுவரில் இருந்த திரையில் நிறுவனத்தின் வெளிநாட்டு வக்கீல். அவர் பேசப் பேச இயந்திரம் ஒன்று அதைச் சுத்தத் தமிழில் சொல்லியது.

"தேதி ஒத்திவைக்கப்பட்ட ஊழியர் என்பதே இதன் பொருள். நாள் என்றால் தேதி. தள்ளிப்போதல் என்றால் ஒத்திவைப்பு. இந்த வரியில் கர்ப்பம் என்ற சொல் எங்கே உள்ளது? தயவுசெய்து காட்டவும்."

பெரியநாயகம் வரியை ஒரு தடவை படித்தார். மீசைக்கடியில் ஏதோ துடித்தது. ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானுங்களா இதை எழுதினது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"உங்க வீட்ல ஒருத்தர் வந்து 'எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு'ன்னு சொன்னா நீங்க என்னன்னு எடுத்துக்குவீங்க?"

என் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரங்கதுரை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தை வருதுன்னு எடுத்துக்குவேன் சார்."

இயந்திரம் அதை வக்கீலுக்குச் சொல்லியது. அவர் முகம் சுருங்கியது. "மீண்டும் கூறவும்" என்றார். இயந்திரம் மறுபடி அதையே சொல்லியது.

"அப்ப இது தெரிஞ்சு எழுதினதா, பிழையா?"

"பிழைதான் சார். அவசரத்துல எழுதினேன், யோசிக்கல. ஆனா பொய் இல்லீங்க." மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "நாங்க இத்தனை வருஷமா அந்த வயித்துல ஒண்ணுமே இல்லைங்கற மாதிரி பேசிட்டு இருந்தோம். ஒண்ணும் இல்லீன்னா எதைச் சார் ஒத்தி வெக்கறது? திங்கக்கிழமை நான் பாத்தேன். அது இருக்குதுங்க. இங்கிலீஷ்ல மறைச்சு வெச்சதைத் தமிழ் என்னையும் மீறிச் சொல்லிருச்சு."

பெரியநாயகம் மூன்று பேனாவில் நடுவில் இருந்ததை எடுத்தார். உத்தரவு ஆறே வரி. நாள் தள்ளிப்போன ஊழியர் என்றால் கருவுற்ற ஊழியர், தமிழ் அறிந்த எவருக்கும் இதில் ஐயமில்லை. அவரை நீக்கக் கூடாது. அவர் கேட்கும் நாளில், கேட்கும் ஊரில் எழுப்பு ஊசி போட வேண்டும். தமிழில் கையெழுத்திட்ட மற்ற எல்லோருக்கும் இதுவே பொருந்தும்.

மரகதம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா" என்றாள்.

அன்று மதியமே மூன்றாம் மாடியில் ஊசி போட்டார்கள். நாற்பது நிமிடம் திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். டாக்டர் நஸ்ரீன், "பொறுங்க, ஏழு வருஷத் தூக்கம்" என்றார். அப்புறம் அந்தக் கண்ணாடி உருண்டை மெல்லச் சுருங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. சுருங்கியது மறுபடி விரிந்தது, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக. மறுபடி சுருங்கி, மறுபடி விரிந்தது.

"மூச்சு விடுதுங்களா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"மூச்சில்லீங்க. கூட்டை ஒடைச்சுட்டு வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் முட்டிப் பாக்கும்."

அவர் கும்பிட்டார். எந்தச் சாமியை என்று தெரியவில்லை, நேராகத் திரையைப் பார்த்துத்தான் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

கீழே வந்தபோது ரங்கதுரை என் அறையில், வரைபடத்தின் முன் நின்றிருந்தார். கையில் ஓர் உறை. அதில் என் பெயர் எழுதியிருந்தது. உத்தரவைத் 'தடம்' ஏற்றுக்கொண்டிருந்தது. ஒத்திவைப்பு என்ற பட்டியலிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகக் கருவுற்றவர் என்ற பட்டியலுக்கு மாற, வரைபடத்தில் புள்ளிகள் எரிய ஆரம்பித்தன. யாழ்ப்பாணம், கிள்ளான், துபாய், திருப்பூர், நடுக்கடலில் சில. வரைபடத்துக்கு வெளியே, வலது மூலையில் வெற்றிடத்தில் ஒன்று எரிந்தது. நிலாவைச் சுற்றும் நிலையத்தில் வெல்டிங் வேலைக்குப் போயிருந்த ஒருத்தி அவள்.

"நாலாயிரத்து அறுவத்தி ரெண்டு," என்றார் ரங்கதுரை. குரலில் கோபம் இல்லை. "இத்தன பேரு வயித்துல வெச்சுக்கிட்டா நம்மகிட்ட வேலை பாத்தாங்க?"

"ஆமாங்க சார்."

"கையெழுத்துப் போட்ட வரிசைல பட்டியல் வந்திருக்குது. மேல இருந்து பாத்துட்டு வர்றேன்..." அவர் நிறுத்தினார். "மொதப் பேரு உன்னோடதும்மா."

எட்டு வருடத்துக்கு முன், தமிழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க நான்தான் முதலில் போட்டேன். என் சொந்த ஒப்பந்தத்திலேயே போட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன், பிரிவுத் தலைவி ஆக்குகிறோம் என்று சொன்ன வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடிக்குத் தனியாகப் போனேன். மணிக்கட்டில் ஐஸ் வைத்தது போல ஒரு சில்லிப்பு, அவ்வளவுதான். ஒரே ஒரு வருடம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் வருடம் சொல்லாததை இரண்டாம் வருடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் வருடம் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

ரங்கதுரை கையிலிருந்த உறையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "உன்னையும் இனி நீக்க முடியாது போ," என்று சொல்லிவிட்டு, உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவருகே நின்று, "சபாபதிக்குத் தெரியுமா?" என்றார்.

நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவர் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. அவர் மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் மேலே ஏறினேன். படியில் வரும்போது பெரிய விளக்கம் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், மூன்றே சொல்தான் மிஞ்சியது.

"ஏனுங்க. நாள் தள்ளிப் போயிருக்கு."

குழாய் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு மலர்ச்சி. யாரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"எத்தன நாளா?"

"நாலு வருஷம் ரெண்டு மாசமாங்க."

தண்ணீர் தரையெங்கும் ஓடி எங்கள் காலடிக்கு வந்தது. அவர் தாவரவியல் ஆசிரியர். மண்ணுக்கடியில் வருடக்கணக்காகக் கிடக்கும் விதைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மலர்ந்த முகம் மெல்லக் கூம்பியது. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப இத்தன வருஷமும் இந்த வீட்ல நாம மூணு பேரா இருந்தோமா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவர் குனிந்து குழாயை மூடினார். என்னைப் பார்க்காமலே கீழே இறங்கினார். நான் மாடியிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, ஆனால் போகவில்லை. தெருவில் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது.

"உங்க ஆபீஸ்ல எத்தன மணி வரைக்கும் அதைக் காட்டுவாங்க?" என்று கீழேயிருந்து கேட்டார். "வா, போய்ப் பாத்துட்டு வந்து சண்டை போடறேன்."